ஏரியா மாறினால் பிள்ளைகளும் மாறுகிறார்களா? வியாசர்பாடியிலிருந்து கண்ணகி நகர் வரை

வியாசை வாசகன்:

வடசென்னையில் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் போதும், மறுநாள் தொலைக்காட்சியில் "இந்த ஏரியா பசங்க ஏன் இப்படி ஆகிறார்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வறுமை, சினிமா, போதை என்று மூன்று காரணம் சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை, தான் யார் என்று ஒரு பிள்ளை தேடிக்கொண்டிருக்கும்போது அது வளரும் தெரு அதற்கு என்ன செய்கிறது? அதைப் பொறுமையாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

என் கட்சி இது. வீட்டின் சதுர அடியைவிட, தெருவின் அழுக்கைவிட, நாலைந்து வயது மூத்தவர்கள் அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் ஒரு பையனுக்கு முக்கியம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ அதைத்தான் அவனும் செய்யப்போகிறான். வியாசர்பாடியில் அந்த நேரத்துக்குப் பந்து உதைப்பார்கள். முல்லை நகர் மைதானத்துக்குச் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பெரிய பையன்கள் ஆடி முடிக்கும் வரை சின்னப் பையன்கள் கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த அண்ணனுக்கு இடது கால், எந்த அண்ணன் தலையால் முட்டுவான் என்று எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கிழிந்த ஷூ ஒரு பெரிய பையன் காலிலிருந்து சின்னப் பையன் காலுக்கு இறங்கும், முன்னால் துணி திணித்துப் போட்டுக்கொள்வான். சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு ஆடிய தனபால் கணேஷ் வந்தது இந்த வியாசர்பாடியிலிருந்துதான். அவர் ஆடிய காலத்தில் இங்கே பத்து வயதுப் பையனிடம் "நீ என்ன ஆகப்போற" என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

கேரம் அக்கா:

நல்ல இழை தம்பி. ஆனால் நீங்கள் சொன்னது முழுக்கப் பையன்கள் கதை. மைதானம் என்றாலே பெண்பிள்ளைகளுக்குப் பாதி மூடிய கதவு. பத்து வயது வரை ஆடலாம். வயதுக்கு வந்த பிறகு "அங்க எதுக்குப் போற" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் எங்கள் பக்கத்துப் பெண்களை எது உருவாக்கியது என்று கேட்டால், நான் கேரம் என்று சொல்வேன்.

கேரமுக்கு மைதானம் வேண்டாம். பத்துக்குப் பத்து அறை, ஒரு டிரம் மேல் பலகை, தலைக்கு மேல் தொங்கும் ஒரு பல்பு, கொஞ்சம் போரிக் பவுடர். அப்பாவும் அண்ணனும் ஆடுகிற இடத்திலேயே பெண்ணும் உட்காரலாம், யாரும் தப்பாகப் பேச மாட்டார்கள். 2008-இல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடிக்காரர், மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பக்கம் செரியன் நகர்ப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டுநர், அவரே பயிற்சியும் கொடுத்தார். அப்போது அந்தப் பெண்ணுக்கு 17 வயது. இவர்களுக்கெல்லாம் முன்னால் சென்னையின் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். கேரமுக்கு முதல் அர்ஜுனா விருது வாங்கியவரும் அவர்தான். ஒரே நகரத்தில் இத்தனை பேர் தற்செயலாக வருவார்களா? ஒரு தெருவில் ஒருவர் ஜெயித்தால் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அது நடக்கக்கூடிய விஷயம் ஆகிவிடுகிறது.

கேரம் கிளப்பில் உட்கார்ந்திருந்த வயதில்தான் நான் பெரியவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டேன். சிவப்புக் காயினைப் போட்டுவிட்டு, அதை உறுதிசெய்யும் அடுத்த காயினை, அதாவது ஃபாலோவை, போடாமல் விட்டால் தாத்தா வயதுக்காரரும் என்னைத் திட்டுவார். நான் நன்றாக ஆடினால் அவரே எழுந்து எனக்கு இடம் விடுவார். பள்ளிக்கூடத்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததே இல்லை.

கணக்கு டீச்சர்:

நான் தென்சென்னையில் மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியை. வியாசை தம்பி சொல்லும் அண்ணன், கேரம் அக்கா சொல்லும் கிளப், இரண்டும் ஒரே நாளில் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் வகுப்பறையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்தின் நடுவிலும் இருந்த குடிசைப் பகுதி மக்களை 2000-லிருந்து துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும், அதன் பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,656 வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000-க்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் வேகமாக வந்தார்கள். 2019 டிசம்பரில் கூவம் கரையிலிருந்த சத்தியவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

கல்வியாண்டின் நடுவில் வருகிற பிள்ளையை நான் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவேன். எட்டாம் வகுப்புக்குக் கீழே இருந்தால் ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாவது, பதினொன்றாவது என்றால் வருடம் முடியும் வரைக்கும் ஒட்டாது. பழைய பள்ளியின் சீருடையையே போட்டுக்கொண்டு வருவான். "எந்த ஊருப்பா" என்று கேட்டால் சிந்தாதிரிப்பேட்டை என்பான். வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் அதேதான் சொல்வான். வகுப்பில் உட்காருவதும் பழைய ஏரியா வாரியாகத்தான். சண்டை வந்தாலும் அதே வரிசையில் வரும்.

அதே பையன் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முகவரியில் "துரைப்பாக்கம்" என்று மட்டும் போடுகிறான். கண்ணகி நகர் என்று போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று அண்ணன்மார்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தான் குடியிருக்கும் இடத்தின் பெயரை மறைக்கப் பதினேழு வயதிலேயே பழகிவிட்ட பிள்ளை, தன்னைப் பற்றி வேறு எதையெல்லாம் மறைக்கப் பழகியிருக்கும்? இது எனக்குத் தாங்கவே முடியாத விஷயம்.

நகரவியல் மாணவன்:

டீச்சர் சொன்ன வயது வித்தியாசத்துக்கு ஆய்விலும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-க்கும் 1998-க்கும் இடையில் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்கள் தாமாகவே பெயர் கொடுத்தன. குலுக்கல் போட்டு, ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு வறுமை குறைந்த பகுதிக்குப் போய் வாடகைக்கு இருக்க உதவி செய்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டி குழுவினர் வருமானக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 13 வயதுக்குள் இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், மாறாதவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13-க்கு மேல் மாறியவர்களுக்கு அந்த லாபம் இல்லை, கொஞ்சம் நஷ்டம்கூடத் தெரிந்தது. வளரிளம் வயதில் வேரோடு பிடுங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது, நல்ல இடத்துக்கே மாற்றினாலும் அந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அதை விளக்கினார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மனநலத்தைப் பார்த்தபோது இடம் மாறிய பெண்பிள்ளைகள் தேறினார்கள், பையன்கள் மோசமானார்கள். தெருவில் நடக்கும் பயம், சீண்டல் எல்லாம் குறைந்ததால் பெண்களுக்கு நிம்மதி கிடைத்தது என்பது ஒரு விளக்கம். கேரம் அக்கா சொன்ன பாதி மூடிய கதவு எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது.

சென்னைக்கும் அதற்கும் இரண்டு பெரிய வித்தியாசங்கள். அங்கே விரும்பியவர்கள் போனார்கள், இங்கே புல்டோசர் வந்து நின்றது. அங்கே ஏழைகள் குறைவாக இருக்கும் இடத்துக்குப் போனார்கள், இங்கே ஏழைகள் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆக, மாறுவதன் நஷ்டம் முழுசாக வந்துவிட்டது, புது இடத்தின் லாபம் வரவில்லை.

புளியந்தோப்பு அப்பா:

எல்லோரும் பழைய ஏரியாவைக் கோயில் மாதிரி பேசுகிறீர்கள். நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன், என் பிள்ளைகளுக்காகவே வெளியே வந்தவன், அதனால் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

வியாசை தம்பி சொல்கிற அந்த அண்ணன் இருக்கிறாரே, அவர் கையில் எப்போதும் பந்துதான் இருக்கும் என்று யார் சொன்னது? என் கூடப் படித்தவனுக்கு முதல் முறை புது பேண்ட் எடுத்துக்கொடுத்தது ஒரு அண்ணன்தான். "தம்பி, இந்தப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா" என்று அனுப்பியதும் அதே அண்ணன். பையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் வயது இல்லை. கேட்டிருந்தாலும் போயிருப்பான், ஏனென்றால் தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே பெரிய மனிதர் அவர்தான். பதினாறு வயதில் ஒரு வழக்கு. அதற்கப்புறம் ஏரியாவில் எது நடந்தாலும் போலீஸ் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வேறு எதுவாகவும் ஆக அவனுக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

பாசம், நட்பு, ஏரியா கெத்து, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பாசமே ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். என் மகன் தெருவில் யாரையும் தெரியாமல் வளர்ந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்துத்தான் வந்தேன். இதை ஒரு தகப்பனாகச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வியாசை வாசகன்:

அண்ணே, தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. நீங்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சங்கிலிதான். பந்தும் அதன் வழியாகத்தான் வரும், பையும் அதன் வழியாகத்தான் வரும். அதனால்தான் ஒரு தெருவில் எத்தனை விதமான பெரியவர்கள் இருக்கிறார்கள் என்று நான் கேட்கிறேன். உங்கள் நண்பரைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னும் நான்கு பேர் இருந்திருந்தால்?

நம் பக்கத்தில் அந்த நான்கு பேர் இருந்த காலம் ஒன்று உண்டு. பக்கிங்காம் கர்னாடிக் துணி மில் 1996-இல் மூடும் வரைக்கும் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடி எங்கும் மில் தொழிலாளி வீடுகள். சங்கு ஊதினால் தெருவே கிளம்பும். மாதச் சம்பளம், சங்கக் கூட்டம், படிப்பகத்தில் பேப்பர் சத்தம் போட்டு வாசிப்பது என்று ஒரு வகை ஆள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார். எங்கள் அப்பா தலைமுறைப் பையன்கள் கால்பந்தை விட்டாலும் குத்துச்சண்டையை விட்டாலும் அடுத்து நிற்க அவர் போட்ட படி இருந்தது. மில் மூடியதும் வருமானத்தோடு அந்த மாதிரி ஆளும் தெருவிலிருந்து போய்விட்டார். அவர் நின்ற இடத்தில் யார் வந்து நின்றார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கும் அம்பேத்கர் பெயரில் மாலை வகுப்பு எடுக்கும் பட்டதாரிப் பிள்ளைகள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். சம்பளம் இல்லை. வேலைக்குப் போய்வந்து ஏழு மணிக்குப் பாய் விரித்து உட்கார்கிறார்கள். அந்த வகுப்புக்குப் போகும் பையன் முடி வெட்டுவதுகூட அந்த அண்ணன் மாதிரி வெட்டிக்கொள்கிறான்.

ஓஎம்ஆர் அம்மா:

நான் வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மகனுக்குப் பதினைந்து வயது. கண்ணகி நகர் எங்கள் வாசலிலிருந்து நடக்கிற தூரம்தான். என் மகன் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகனுக்கும் அதே வயது. அவன் ஒரு தடவைகூட எங்கள் கேட்டுக்குள் வந்ததில்லை.

இந்த இழையைப் படித்த பிறகு யோசித்தேன், என் மகனுக்கு ஏரியா என்று எது இருக்கிறது? பள்ளி வேன் பேஸ்மென்ட்டிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறது. டியூஷனுக்கு நாங்கள் காரில் கொண்டுபோய் விடுகிறோம். நண்பர்கள் எல்லோரும் ஆன்லைன் விளையாட்டில் இருக்கிறார்கள், ஒருவன் புனேயில், ஒருவன் துபாயில். "எந்த ஊர்" என்று கேட்டால் அடுக்குமாடியின் பெயரையும் டவர் எண்ணையும் சொல்கிறான். டவர்களுக்குள்ளேயே போட்டி உண்டு, ஏரி தெரியும் டவர் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மிதப்பு. நாலு வயது மூத்த ஒரு அண்ணன் பெயர் சொல்லச் சொன்னால் அவனால் முடியாது. எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டாவது முடிந்ததும் பிள்ளைகள் வெளியூர் விடுதிக்குப் போய்விடுகிறார்கள், பெரிய பையன் என்ற வகையே இங்கே கிடையாது.

புளியந்தோப்பு அப்பா விரும்பிய பாதுகாப்பு முழுக்க என் மகனுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அவன் தனியாக இருக்கிறான். எங்களைத் தவிர அவனை அறிந்த பெரியவர்கள் செக்யூரிட்டி ஐயாவும் நீச்சல் மாஸ்டரும்தான்.

பெரும்பாக்கம் பிளாக்:

எனக்கு இப்போது இருபது வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. பத்தாவது முடிக்கும் முன்னால் பெரும்பாக்கம் வந்தவன். டீச்சர் சொன்ன அந்தப் பழைய சீருடைப் பையன் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பழையதைவிட நல்ல வீடுதான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளேயே கழிவறை இருக்கிறது, என் தங்கச்சிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். கஷ்டம் கதவுக்கு வெளியே ஆரம்பிக்கும். வீடு குலுக்கலில் ஒதுக்கினார்கள், அதனால் பழைய தெரு மொத்தமும் வெவ்வேறு பிளாக்கில் சிதறிப்போனது. எதிர்வீட்டு அண்ணன் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே பல மாதம் ஆனது. ஆறாவது மாடியில் உட்கார்ந்தால் கீழே யார் நிற்கிறார்கள் என்று முகம் தெரியாது. லிஃப்ட் நின்றுவிட்டால் பாட்டி கீழேயே இறங்க மாட்டார். படிக்கட்டு இருட்டில் கூட்டமாக நிற்பவர்கள் நம் ஆளா, வேறு ஏரியா ஆளா என்று தெரியாமல் ஒவ்வொரு மாடியாக ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பழைய ஏரியாவுக்குப் போவேன். அங்கே வீடு இருந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறது. பக்கத்துத் தெருப் பையன்களோடு ஒரு மேட்ச் ஆடிவிட்டுத் திரும்பி வருவேன். அதுதான் நான் யார் என்று எனக்கே ஞாபகப்படுத்தியது. கல்லூரி சேர்ந்ததும் சீனியர்கள் "எந்த ரூட்டு" என்று கேட்டார்கள். ஒரே பஸ் ரூட்டில் வரும் மாணவர்களுக்குத் தலைவனான ரூட்டு தல, அவர்கள் பஸ்ஸையே பிடித்துக் கொண்டாடும் பஸ் டே பற்றியெல்லாம் செய்தியில் பார்த்திருப்பீர்கள், கத்தி, கல்வீச்சு என்று. ஏரியா இல்லாமல் போன பையனுக்கு ஒரு பஸ் ரூட் சட்டென்று ஏரியா ஆகிவிடுகிறது. ஜன்னலில் தட்டித் தாளம் போட்டு கானா பாடினால் ஐம்பது பேர் கூடப் பாடுகிறார்கள். பல மாதமாக யாரும் கண்டுகொள்ளாத ஒருத்தனுக்கு அது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சண்டைப் பக்கம் போகாததற்குக் காரணம் நல்ல புத்தி எல்லாம் இல்லை. எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா சின்னப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறார், கணக்குச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார். சாயங்காலம் எனக்கு வேலை வந்துவிட்டது. இப்போது ஆறாவது படிக்கும் பிள்ளைகள் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறார்கள்.

கணக்கு டீச்சர்:

தம்பி, நீ எழுதியதை எங்கள் ஆசிரியர் அறையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

என் பங்குக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. துணைத் தலைவி கார்த்திகா, கண்ணகி நகர்ப் பெண். எல்லாப் பத்திரிகையும் "கண்ணகி நகர் கார்த்திகா" என்றே எழுதின. அந்த வாரம் வகுப்பில் ஒரு மாணவி நோட்டு அட்டையில் தன் பெயருக்கு முன்னால் ஏரியா பெயரைப் பெரிதாக எழுதி வந்தாள். முகவரியை மறைக்கச் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் நடுவில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்குத் தெரியும். 2020-இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். வெளியாட்கள் படமெடுக்க வந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் சுவரைப் பார்த்துப் பிள்ளை வளர முடியாது. கூடப் பிறந்தவள் மாதிரி ஒருத்தி கீழே மண்ணில் விழுந்து எழுந்து ஆடுவதைப் பார்த்து வளரலாம்.

நகரவியல் மாணவன்:

அப்படியானால் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்கலாம். கல்வியாண்டின் நடுவில் யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்த வருடத் தேர்வு முடியும் வரை அவகாசம் வேண்டும். முடிந்தவரை அதே ஊருக்குள் மாற்று இடம் கொடுக்க வேண்டும். குலுக்கல் போட்டால் வீடு வீடாகப் போடாமல் தெருத் தெருவாகப் போடட்டும், ஒரு தெரு மொத்தமாக ஒரு பிளாக்குக்குப் போகட்டும். இந்தக் கடைசி மாற்றத்துக்குக் கூடுதல் செலவுகூட அதிகம் ஆகாது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது. ஒதுக்கும் முறையும் மாற வேண்டும்.

புளியந்தோப்பு அப்பா:

தெருத் தெருவாகப் போட்டால் பழைய கும்பலும் அப்படியே சேர்ந்து போகுமே என்று முதலில் தோன்றியது. ஆனால் பெரும்பாக்கம் பிள்ளை எழுதியதைப் படித்த பிறகு, சிதறடித்தாலும் பையன்கள் ஏதாவது ஒரு கும்பலைத் தேடிக்கொள்ளத்தான் போகிறார்கள் என்று புரிகிறது. தெரிந்த முகங்களாவது கூட இருக்கட்டும். என் மகனை வெளியே கொண்டுவந்ததில் இப்போதும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கேரம் அக்கா:

பெரும்பாக்கம் தம்பி, உங்கள் பிளாக்கில் தரைத்தளத்தில் ஒரு அறை கிடைக்குமா? எங்கள் கிளப்பில் இரண்டு பழைய பலகைகள் நல்ல நிலையில் இருக்கின்றன, ஸ்டிரைக்கரும் காயினும் சேர்த்துத் தருகிறோம். வாரம் ஒருமுறை நாங்களே வந்து சொல்லிக்கொடுக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு முதலில் நேரம் ஒதுக்க வேண்டும், அது மட்டும்தான் என் நிபந்தனை. ஓஎம்ஆர் அம்மா, சனிக்கிழமை உங்கள் மகனையும் அனுப்புங்கள், பஸ்ஸில் வரட்டும்.

பெரும்பாக்கம் பிளாக்:

அறை இருக்கிறது அக்கா, சாவி சங்கத்துக்காரரிடம். இன்றைக்கே கேட்டுவிட்டு உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்புகிறேன். பல்பு மட்டும் நாங்கள் மாட்ட வேண்டும்.